அம்மாவின் டம்ளர் எவ்வளவு பிடிக்கும்?

தராசு ரிப்பேர் பார்க்கும் அந்த மனிதருக்கு மில்லிகிராம் என்று கடைத்தெருவே சேர்ந்து பேர் வைத்திருந்தது. வைத்ததில் தப்பே இல்லை. காபியில் சர்க்கரை கூடிப்போனால் எத்தனை கிராம் கூடியது என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்பார். முப்பது வருஷமாக ஊரார் தராசையெல்லாம் சரி பண்ணியவர், சொந்த வீட்டுத் தராசின் முன்னால் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அதில் தினமும் ஏறி இறங்கியது அவருடைய அக்கா. நாற்பத்தொரு கிலோ. இன்னும் மூன்று கிலோ ஏறினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்காவோ எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் தொடுவதில்லை.

அம்மா போனபோது அவருக்கு வயது ஆறு, அக்காவுக்குப் பதினாலு. அன்றிலிருந்து அவரைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியவள் அவள்தான். இப்போது அவள் தேய்ந்துகொண்டே போவதை அவர் தினமும் கிராம் கிராமாகக் குறித்துவைத்தார்.

"அம்மா சுடுற இஞ்சி பிஸ்கட் இருந்தா ரெண்டு தின்பேன்டா," என்று ஒரு காலையில் அவள் சொன்னதுதான் தாமதம், மனிதர் பரணில் ஏறிவிட்டார். ஒரு தகரப் பெட்டிக்குள் பழைய போட்டோக்களுக்கு அடியில் அம்மாவின் சமையல் நோட்டு கிடந்தது. 'நம்ம டம்ளரில் மாவு மூன்று, சர்க்கரை ஒன்று, வெண்ணெய் அரை. முட்டை இரண்டு. இஞ்சி கட்டைவிரல் அளவு.' அந்த 'நம்ம டம்ளர்' வீடு மாறியபோதே தொலைந்துபோயிருந்தது.

"எந்த டம்ளரா இருந்தா என்னங்க? மூணுக்கு ஒண்ணு, அவ்வளவுதானே?" என்றாள் மனைவி.

"மாவை டம்ளர் அளக்கும். முட்டையை? அது கோழி பார்த்துப் போடுறது! டம்ளர் பெருசானா மாவு கூடிடும், முட்டை அதே ரெண்டுதான்."

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. வீட்டு டம்ளரில் அளந்து சுட்டது செங்கல்லாக வந்தது. அக்கா ஒரு கடி கடித்துத் தட்டில் வைத்துவிட்டாள்.

"அக்கா, அந்த டம்ளர் எவ்வளவு பெருசு இருக்கும்?"

"டம்ளர் டம்ளர் மாதிரிதான் இருக்கும்," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிற அக்கா, இதற்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டாள்? அவருக்குக் குறுகுறுவென்று இருந்தது.

பெட்டியிலிருந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் அப்பாவின் மளிகைக் கடை. அம்மா இடுப்பில் கைக்குழந்தையாக அவர், பக்கத்தில் உம்மென்று எட்டு வயது அக்கா. மேஜைமேல் அம்மாவின் பித்தளை டம்ளர், அதை ஒட்டி ஒரு கிலோ எடைக்கல். அடி சக்கை! அந்தக் கல்லின் உயரமும் அகலமும் அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஸ்கேலை வைத்துக் கணக்குப் போட்டார். அதே அளவில் ஒரு டம்ளர் வாங்கிவந்து மறுபடி சுட்டார். இந்தத் தடவை அக்கா பாதி தின்றாள்.

"கிட்ட வந்துட்ட. ஆனா இது இல்ல."

மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. லென்ஸை எடுத்துப் போட்டோமேல் குனிந்தார். டம்ளரின் வயிற்றில் நிழல் என்று நினைத்தது நிழல் இல்லை, நசுங்கல். அதுவும் லேசுப்பட்ட நசுங்கல் இல்லை. உடனே சுத்தியலை எடுத்துப் புது டம்ளரைத் தட்ட ஆரம்பித்தார்.

"ஐயையோ, புது டம்ளரைப் போய் யாராவது நசுக்குவாங்களா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

போட்டோவில் இருந்த மாதிரியே ஆனதும் தண்ணீர் ஊற்றி எடை போட்டார். முப்பத்தைந்து கிராம் குறைந்திருந்தது. மூன்று டம்ளர் மாவுக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம்!

மூன்றாம் தடவை சுட்டதை அக்கா வாயில் போட்டாள். மெல்ல மென்றாள். ஒன்றை முழுசாகத் தின்று முடித்துத் தண்ணீருக்குக் கை நீட்டியவள், அவர் நீட்டிய நசுங்கின டம்ளரைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இது எப்படிடா உனக்குத் தெரிஞ்சுது?"

"போட்டோல பார்த்தேன். யார் நசுக்கினதுன்னுதான் தெரியல."

அக்கா டம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான்தான்டா. உன்னைப் பெத்துத் தூக்கிட்டு வந்த அன்னிக்கு எல்லாரும் உன்னையே கொஞ்சினாங்க. என்னைத் திரும்பிப் பார்க்க ஆளில்ல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. உன் மண்டையைப் பார்த்து விட்டெறிஞ்சேன். குறி தப்பிச் சுவத்துல பட்டுச்சு. அம்மா ஒரு வார்த்தை திட்டல. கடைசிவரைக்கும் அதுலயேதான் அளந்தா. இத்தனை வருஷமா உன்கிட்ட இதைச் சொல்ல எனக்கு வாய் வரல."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பெரிய கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"குறி தப்பலன்னா என்னக்கா ஆகியிருக்கும்?"

"உன்னை வளர்க்கிற வேலை மிச்சமாயிருக்கும்," என்றாள் அக்கா, இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே.