இரண்டு தரம் சண்டை

தொழிற்சாலையில் என் பெயரை முழுதாகச் சொன்ன டெனிஷ்காரர் ஒருவரும் இல்லை. எங்கள் மேற்பார்வையாளர் முதல் இரண்டு எழுத்தைச் சொல்லி, மூச்சு வாங்கி, மிச்சத்தைக் கைவிட்டுவிடுவார். சாப்பாட்டு அறையில் அந்த இரண்டிலும் ஒன்று குறைந்துவிடும். எனக்கோ கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஸ்கீவ நகரில் எங்களுக்கு மகள் பிறந்த அன்றே முடிவு எடுத்துவிட்டேன். என் பிள்ளையின் பெயரை இந்த நாட்டில் ஒருவரும் வெட்டக்கூடாது. இவர்களுடைய பழைய வைக்கிங் பெயர் ஒன்றையே வைத்துவிடுவோம். தங்கள் முப்பாட்டன் வைத்த பெயரில் எப்படிக் கத்தி வைப்பார்கள்?

மனைவி மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"வையுங்கோ. ஆனா பேருக்குள்ள ஒரு சாமி இருக்கவேணும். எங்கட வீட்டில சாமி இல்லாத பேர் ஒருத்தருக்கும் இல்லை."

ஆறு மாதத்துக்குள் பெயர் பதியவேண்டும் என்பது சட்டம். நாங்கள் அதில் ஐந்தைத் தர்க்கத்திலேயே தின்று முடித்திருந்தோம். கடைசியில் நூலகத்தில் பெயர்ப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு மனைவி பிள்ளையோடு கீழ்மாடியில் தனியாக இருந்த டெனிஷ்காரக் கிழவியிடம் போனேன்.

அவரை நாங்கள் அன்ரி என்றுதான் கூப்பிட்டோம். இந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை வாத்தியாரையே பெயர் சொல்லிக் கூப்பிடும். எங்களுக்கு அதற்கு நாக்கு எழும்பாது. வயதுக்கு மூத்தவரிடம் பெயர் கேட்பதே மரியாதைக் குறைவு என்று அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்காமலே இருந்துவிட்டோம். அவருடைய கதவிலும் குடும்பப் பெயர் மட்டும்தான் இருந்தது. தமிழில் அன்ரி என்றால் பக்கத்து வீட்டுக்காரி என்று அவர் நினைத்திருந்தாராம். அது பிறகுதான் தெரியவந்தது. எங்கள் மகளுக்குக் கம்பளிக் காலுறை பின்னிப் பின்னி, ஆறு காலுள்ள பிள்ளைக்குக் கூடக் காணும் என்ற அளவுக்குக் குவித்து வைத்திருந்தார்.

என் டெனிஷ் அப்போது கடைக்குப் போய்வர மட்டும் போதுமானது. ஆகவே அன்ரி, புத்தகத்தில் முன்னால் இருந்த ஆண் பெயர்களிலிருந்தே தொடங்கி, அர்த்தத்தை நடித்துக் காட்டினார். பியோர்ன் என்று வாசித்துவிட்டுக் கரடிபோல உறுமினார். உல்ஃப் என்று வாசித்துவிட்டு ஓநாய்போல ஊளையிட்டார். மடியில் இருந்த பிள்ளை வீரிட்டு அழுதது. ஸ்டேன் என்பதற்கு மேசையில் குத்திக் காட்டினார், கல்லாம். ஓர்ம் என்ற பெயருக்குக் கையை நெளித்து நெளித்துப் பாம்பு காட்டியபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெற்ற பிள்ளைக்குப் பாம்பு என்று பெயர் வைக்கிற சனத்தை எங்கே கண்டிருக்கிறோம் என்று கேட்டேன்.

"உங்கட அப்பான்ர பேருக்கு என்னப்பா அர்த்தம்?" என்றாள் மனைவி.

பாம்புகளுக்கு ராசா என்று அர்த்தம். என் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது.

பெண் பெயர்களுக்கு வந்தபோதுதான் பெரிய கூத்து. ஹில்டூர் என்றால் சண்டை. அன்ரி பின்னல் ஊசி இரண்டையும் எடுத்து வாள்போல மோதிக் காட்டினார். அடுத்தது குன்ஹில். முன்பாதியும் சண்டை, பின்பாதியும் சண்டை. ஊசிகளை இரண்டு தரம் மோதினார். எனக்குத் தாங்க முடியவில்லை. "ஒரு சண்டைக்கே தாக்குப்பிடிக்காமல் நாட்டை விட்டு ஓடிவந்தவர்கள் நாங்கள். பெண் குழந்தையின் தலையில் இரண்டு சண்டையை எந்த மடைத் தகப்பன் ஏற்றுவான்?" என்று எனக்குத் தெரிந்த டெனிஷ் முழுவதையும் செலவழித்துக் கேட்டேன். அன்ரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கோப்பி மேசை விரிப்பில் கொட்டிப்போனது.

தேடியதில் அஸ்ட்ரிட் மட்டும் தேறியது. முதல் பாதி கடவுள், மறு பாதி அழகு.

"எந்தக் கடவுள்?" என்று மனைவி கேட்டாள்.

அன்ரி இல்லாத சுத்தியலை ஓங்கி, பல்லைக் கடித்து, கண்ணை உருட்டினார், இடிக்கடவுளாம்.

"இவரை எனக்குப் பழக்கமில்லையே," என்றாள் மனைவி. ஆனாலும் வேறு வழியில்லாமல் அரைமனதோடு சம்மதித்தாள்.

சைவப்பிள்ளை என்றாலும் இந்த நாட்டில் பெயரைத் தேவாலயக் கந்தோரில்தான் பதியவேண்டும். அன்ரி துணைக்கு வந்தார். மனைவி பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசி, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கந்தோர்க்காரர் அவளுடைய காலுறையைப் பார்த்தார். பிறகு அன்ரியைப் பார்த்து முகம் மலர்ந்து வணக்கம் சொன்னார், பெயர் சொல்லித்தான்.

குன்ஹில். அதே பெயர். இரண்டு தரம் சண்டை.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மடைத் தகப்பன் என்று நான் சொன்னது இவருடைய அப்பாவையா! அன்ரிக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. "அப்பாவுக்கு அர்த்தம் ஒன்றும் தெரியாது," என்றார். "எங்கள் பண்ணையில் நன்றாகப் பால் தந்த பசுவின் பெயர் அது. நான் பிறந்த கிழமை பசு செத்துப்போனது. நல்ல பெயர் வீணாகப் போகக்கூடாது என்று எனக்கு வைத்துவிட்டார்."

இதை மனைவிக்குத் தமிழில் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"பசுவின்ர பேரோ?" அவளுடைய முகம் விளக்கேற்றியது போலாகிவிட்டது. "பசுவெண்டால் லட்சுமியெல்லோ! இதையே எழுதச் சொல்லுங்கோ."

"விசரே உனக்கு? அது சண்டையடி!"

"அது புத்தகத்தில. இவையின்ர வீட்டில அது லட்சுமி. அந்தச் சுத்தியல்காரரை நீங்களே வச்சிருங்கோ."

கந்தோர்க்காரர் எழுதுகோலைத் தூக்கியபடி, இது கிழவிகளுக்கு இருக்கிற பெயர், இந்தக் காலத்தில் ஒருவரும் வைப்பதில்லையே என்று தயங்கினார். மனைவி அசையவில்லை. அன்ரி மூக்கைத் துடைத்தார். அதைக் கண்டபிறகு நானும் எழுதச் சொல்லித் தலையாட்டினேன். கந்தோர்க்காரர் பெயரை எழுதிவிட்டு, ஒரு எழுத்தும் சிதறாமல் உரத்து வாசித்தார். டெனிஷ்காரர் ஒருவர் என் வீட்டுப் பெயர் ஒன்றை முழுதாகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிள்ளை சிணுங்கியது. மனைவி அதைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டினாள்.

"என்ர குஞ்செல்லோ, அழாதேங்கோ. குஞ்சு, குஞ்சு..."

நான் நெருப்பாகத் திரும்பினேன். இந்த நாட்டில் ஒருவராலும் வெட்ட முடியாதென்று நான் தேடிப் பதிந்த பெயரை, மை காயுமுன்னே பெற்ற தாயே வெட்டிவிட்டாளே! ஏச வாயைத் திறந்தேன். அதற்குள் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுப் பல்லில்லாத வாயால் சிரித்தது. முன் இருக்கையிலிருந்த அன்ரி திரும்பி, அது என்ன பெயர் என்று கேட்டார். வெட்டிய பெயர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுப் பெயர், அன்பாகக் கூப்பிடுவது என்றேன்.

அன்ரி மெல்ல இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "குஞ்சு. குஞ்சு." பிறகு, தனக்கும் அதே பெயர்தானே, தன்னையும் அப்படிக் கூப்பிட்டால் என்ன என்று கேட்டார். வீட்டில் அன்பாகக் கூப்பிட ஆளில்லாமல் போய்க் கனகாலமாம்.

மூத்தவரைப் பெயர் சொல்ல எழும்பாத எங்கள் நாக்கு அதற்கு மட்டும் எழும்பிவிட்டது. அன்றிலிருந்து மேல்மாடியில் ஒரு குஞ்சு, கீழ்மாடியில் ஒரு குஞ்சு. மனைவி படியில் நின்று கூப்பிட்டால் இரண்டு வீட்டிலிருந்தும் பதில் வரும்.