ஜூடித் மூச்சு

ஜூடித் பதினாறு வருடம் கார்மெண்ட்ஸில் காலர் தைத்தவள். ஒரு மழை நாளில் பஸ் படியிலிருந்து விழுந்ததில் முதுகெலும்பு நொறுங்கியது. ஆபரேஷன் முடிந்ததும், இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விவேக் நகரில் ஒற்றை அறை வீட்டில் எட்டு மாதம் தரையோடு கிடந்தாள். கணவன் முதல் மாதத்திலேயே வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். எதிர்வீட்டு மமதாதான் சோறு ஊட்டினாள், துணி மாற்றினாள், முகம் சுளிக்காமல் மலம் அள்ளினாள்.

அந்தப் படுக்கையில்தான் அது பிறந்தது. மூச்சை வெளியே விடும்போது வலி நூலளவு இளகுவதை ஜூடித் கவனித்தாள். அந்த இளக்கத்துக்குள் கால் கட்டைவிரலை மட்டும் அசைத்துப் பார்த்தாள். பிறகு கணுக்கால், முழங்கால். அசைக்கிற இடத்திலேயே மனதையும் வைக்க வேண்டும். மனம் நழுவினால் வலி பிடித்துக்கொள்ளும். ஒன்பதாவது மாதம் அவள் சுவரைப் பிடித்து எதிர்வீடு வரை நடந்தபோது மமதா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அதைக் கேள்விப்பட்டு இடுப்பு வலிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கற்றுக்கொள்ள வந்தார்கள். வீடு போதாமல் வகுப்பு மொட்டை மாடிக்குப் போனது. ஐந்தாறு வருடத்தில் ‘ஜூடித் மூச்சு’ என்ற பெயர் நிலைத்து, தொம்மலூரிலிருந்து ஐ.டி. ஆட்கள்கூட வந்தார்கள். எந்த வலிக்கும் அது கேட்கும் என்றார்கள். ஜூடித் மறுக்கவில்லை. டாக்டர் கைவிட்ட உடம்பு அவளுடையது.

சென்ற வருடம் ஒரு திங்கட்கிழமை, வகுப்பு முடிந்ததும் மமதா இடது தோளில் ஏதோ பிசைகிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்றும் கேட்டாள். ஜூடித் அவளைப் படுக்கவைத்துத் தோளில் கை வைத்தாள்.

“மூச்ச மெதுவா வுடு. அது பாட்டுக்கு எறங்கிடும்.”

அரை மணியில் குறைந்துவிட்டது என்றாள் மமதா. செவ்வாயும் புதனும் அதையே செய்தார்கள். வியாழக்கிழமை காலை பாத்ரூமில் செத்துக் கிடந்தாள். மாரடைப்பு. முதல் நாளே வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

காரியம் முடிந்த பிறகு மமதாவின் புருஷன் ராஜேந்திரன் வந்து கேட்டார். “நெஜமாவே வலி கொறஞ்சிதா ஜூடித்தம்மா? இல்ல, உங்க மனசு நோவக்கூடாதுன்னு சொன்னாளா?”

அதையேதான் ஜூடித்தும் நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தெரியல. நான் அவ மொகத்தப் பாக்கல. என் கையத்தான் பாத்துனு இருந்தேன்.”

ராஜேந்திரன் எழுந்து போனார்.

இரண்டு மாதம் மாடிக் கதவு பூட்டியே கிடந்தது. வலி தாங்காத பெண்கள் கூப்பிட்டுத்தான் மறுபடி திறந்தாள். இப்போது புதிதாக யார் வந்தாலும், மமதாவுக்குத் தான் செய்ததை முதலில் சொல்கிறாள். நெஞ்சு, தோள், மூச்சுத்திணறல் என்றால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிப்போகிறாள். இதையெல்லாம் சொன்னால் யார் வருவார்கள் என்று சௌம்யா என்ற ஐ.டி. பெண் கேட்டாள். வராவிட்டால் போகட்டும் என்றாள் ஜூடித். சௌம்யாவும் வகுப்பிலிருந்து நின்றுவிட்டாள்.

இருபது பேர் படுத்த மாடியில் இப்போது ஏழு பேர். ராஜேந்திரன் வீட்டைக் காலி செய்து ஓசூருக்குப் போய்விட்டார். போகும்போது அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.