சிவப்பு வளையம் போட்ட பை

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மெஷினில் ரத்தம் சுத்தம் செய்வதை அவர் இருதயம் தாங்காதாம். அதனால் வயிற்றுக்குள் குழாய் வழியாக மருந்துத் தண்ணீர் விட்டு வடித்தெடுப்பது என் வேலையாயிற்று. சேரன்மகாதேவி வீட்டில், ஒரு நாளைக்கு நாலு தடவை. மஞ்சள் வளையப் பையில் சீனி குறைவு, சிவப்பில் அதிகம். உடம்பில் தேங்கிய நீரை அந்தச் சீனிதான் இழுக்கும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பயத்தில் மதுரை டாக்டரிடம் ஒன்றையே மூன்று தரம் கேட்பேன். குடலைச் சுற்றிய சவ்வின் மேல் செல்கள் பாய் விரித்த மாதிரி ஒற்றை அடுக்காகப் படுத்திருக்குமாம். பையிலிருக்கிற சீனியும் புளிப்பும், பையைக் கெடாமல் வைக்கச் சூடாக்கும்போது சீனியில் உண்டாகிற சில பொருள்களும் நாள்பட அவற்றை அரித்துவிடுமாம். செல் உதிர்ந்த இடம் தழும்பாகத் தடிக்கும், சிவப்பை அவசரத்துக்கு மட்டும் போடுங்கள் என்றார்.

பிழைக்க வைப்பதே அரிக்கவும் செய்யும் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்ள? விட்டதைவிடக் கூடுதலாக வடிந்திருக்கிறதா என்று தொங்குதராசில் நிறுத்துப் பார்த்தாலும் மனசு ஆறாது.

சித்திரை வெயில். அவருக்கு ஒரு நாளைக்கு மூன்று தம்ளர் தண்ணீர்தான். ஒரு மத்தியானம் அவரே வழி கண்டுபிடித்தார்.

"ஏளா, சிவப்பப் போட்டுட்டு ஒரு செம்பு தண்ணி தா. அதான் இழுத்துருமே."

"டாக்டரு வேண்டாம்னு சொல்லியிருக்காருல்லா."

"அவர இங்கன வந்து ஒரு மத்தியானம் இருக்கச் சொல்லு. செம்போட முழுங்குவாரு."

சிரித்துவிட்டேன். கொடுத்தேன். அந்தக் கோடை முழுக்கத் தினம் ஒரு சிவப்பு. நன்றாகத்தான் வடிந்தது.

அடுத்த வருஷம் வடிவது குறைந்து கால் வீங்கியது. சவ்வு கெட்டுவிட்டது, சீனியை உடம்பே சட்டென்று உறிஞ்சிக்கொள்கிறது, அப்புறம் நீரை எது இழுக்கும் என்றார் டாக்டர். நான் கொடுத்த செம்புகளைச் சொன்னேன். மஞ்சளே போட்டிருந்தாலும் கொஞ்சம் பிந்தி இதுதான் நடந்திருக்கும் என்றார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பிச் சிவப்பையே போட்டேன். வேறு என்ன செய்ய? இரண்டு லிட்டர் விட்டதில் ஒன்றரைதான் திரும்பி வந்தது.

"எவ்வளவு வந்துருக்கு?" என்றார்.

"ரெண்டேகால்."

"அப்பம் ஒரு வாய் தண்ணி தா."

முழுத் தம்ளரும் கொடுத்தேன்.