பேட்டரி தீர்ந்த முகூர்த்தம்

டிஜிட்டல் கேமரா எங்கள் பக்கத்துக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம். அப்போது ஒரு தை மாதம், கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது.

திருவண்ணாமலை பே கோபுரத் தெருவில் எனக்குச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ உண்டு. நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் பேச நாக்கு எழாது. போட்டோ எடுக்கிறவனுக்கு இது பெரிய குறை. மற்றவர்கள் எல்லாம் "சார், நிமிருங்க, மேடம், இங்க பாருங்க" என்று மண்டபத்தையே ஆட்டிவைப்பார்கள். நானோ, அவர்களாக நிமிரும்வரை காத்திருந்து எடுப்பேன். அதனால் என் ஆல்பங்களில் பாதிப் பேர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என்னோடு கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்க வருபவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு நேர் எதிர். வாய் ஓயாது. என் கேமராவைப் பார்த்தாலே அவருக்குக் கிண்டல்தான்.

"இன்னாபா, கேமரா கொண்டாந்தியா, இல்ல சோப்பு டப்பாவா?" என்பார். "ஒரு கிரிப்பு போடுபா. அப்பதான் மதிப்பாங்க."

கிரிப் என்பது கேமராவுக்கு அடியில் மாட்டுகிற ஒரு பாகம். அதில் ஒன்றுக்கு இரண்டு பேட்டரி போடலாம். கரண்ட் இல்லாவிட்டால் பென்சில் செல் போட்டும் ஓட்டலாம். கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுக்கத் தனியாக ஒரு பட்டனும் இருக்கும். மாட்டிவிட்டால் கேமரா இரண்டு பங்கு பெரிதாகத் தெரியும். பாய் சொன்னது அதைத்தான். பெரிய கேமராவைப் பார்த்தால் கூட்டம் தானாக வழி விடும், நாம் வாயைத் திறக்கவே வேண்டாம் என்பார்.

எனக்கும் ஆசை இருந்தது. பயமும் இருந்தது. பெரிய கேமரா வைத்திருப்பவன் பேசாமல் இருந்தால் திமிர் என்பார்கள். சின்ன கேமரா வைத்திருப்பவன் பேசாமல் இருந்தால் பாவம் என்று விட்டுவிடுவார்கள்.

ஒரு நாள் பாயே மெட்ராஸில் இருந்து ஒன்று வாங்கிவந்து, "ரெண்டு கல்யாணம் போட்டுப் பாரு. புடிச்சா வெச்சிக்கோ, புடிக்கலன்னா குடுத்துடு" என்று கொடுத்தார். ஸ்டுடியோ கண்ணாடி முன்னால் நின்று மாட்டிப் பார்த்தேன். யாரோ வேறு ஆள் நிற்பது போல இருந்தது. கழற்றி மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். போடுவதா வேண்டாமா என்று நினைத்துக்கொண்டே இருந்ததில் அந்தக் கல்யாணம் வந்துவிட்டது.

முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. பெண்ணுக்கு அப்பா இல்லை. சித்தப்பாதான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். நல்ல மனிதர். வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து உட்கார வைத்தார். குடும்பப் படம் எடுக்கும்போது, பெண்ணின் அம்மா ஓரமாக ஒரு தூண் பக்கத்தில் நின்றிருந்தார். யாரோ கூப்பிட்டதற்கு, "ரூம்ல நகைங்க இருக்குது, ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெண் என்னிடம் மெதுவாக, "அண்ணே, எங்கம்மாவை எப்படியாவது ஒரு போட்டோ எடுத்துடுங்கண்ணே" என்றது.

"அம்மாவுக்குக் கூச்சம் போல இருக்குதும்மா" என்றேன். அப்படித்தான் நினைத்தேன். கூட்டத்தைக் கண்டு ஒதுங்குகிறவர்களைப் பார்த்தால் எல்லாரும் என்னைப் போல என்றுதான் எனக்குத் தோன்றும். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தது.

அன்று ராத்திரி சார்ஜில் போட்ட பேட்டரி கரண்ட் போனதால் ஏறவே இல்லை. என்னிடம் இருந்ததே இரண்டு பேட்டரி. கேமராவில் இருந்த மற்றது வரவேற்பிலேயே பாதிக்குமேல் போய்விட்டது. விடியற்காலையில் ஜெனரேட்டர் லைன் எந்தப் பிளக்கில் வருகிறது என்று நான் தேடுவதைப் பார்த்த பெண், "எங்க ரூம்ல வருதுண்ணே. குடுங்க, நான் போட்டு வைக்கிறேன்" என்று சார்ஜரை வாங்கிக்கொண்டு போனது. பெண்கள் உடை மாற்றுகிற அறை. நான் அந்தக் கதவுப் பக்கமே போகமாட்டேன் என்பது அதற்குத் தெரிந்துவிட்டது போல.

முகூர்த்தம் நெருங்கியது. ஓமப் புகை, மேளம், கூட்டம். சித்தப்பாவும் சித்தியும் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். பிறகு, தேங்காய் மேல் தாலியை வைத்த தட்டு சபைக்குப் போனது. அதை எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு ஆசீர்வாதம் செய்து அனுப்புவார்கள். தட்டு மேடைக்குத் திரும்பி வந்ததும் தாலி கட்டு. முன்வரிசையில் தட்டைத் தொடும் கைகளை எடுத்துக்கொண்டே வந்தேன். அப்படியே கேமரா அணைந்துவிட்டது. பேட்டரிக் கதவைத் திறந்து, பேட்டரியைக் கழற்றித் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை மினுக்கிவிட்டுச் செத்துவிட்டது.

எங்கள் தொழிலில் எதை விட்டாலும் மன்னிப்பார்கள். தாலியை விட்டால் மன்னிக்கமாட்டார்கள். இன்னொரு தரம் கட்டச் சொல்லி எடுக்க முடியுமா? பக்கத்து ஊரில் ஒருவர் அப்படி விட்டுவிட்டார். அவர் கடைக்கு என்ன பெயர் எழுதியிருந்தாலும் ஊரில் அது "தாலி விட்ட ஸ்டுடியோ"தான்.

பாய் வீடியோவில் இருந்து கண்ணை எடுக்காமல், "இன்னாபா ஆச்சு?" என்றார்.

"பேட்டரி, பாய்."

"சொன்னேன் இல்ல? சரி சரி, ஓடு. போய் எடுத்துட்டு வா."

"பொம்பளைங்க ரூம்ல இருக்குது."

"அட, கதவைத் தட்டுபா! தாலி உனக்காக நிக்குமா?"

காலை எடுத்து வைக்க முடியவில்லை. தட்டு கடைசி வரிசையைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. உயிரில்லாத கேமராவோடு மேடை ஓரத்தில் நின்றேன். அப்போது மணையில் குனிந்து உட்கார்ந்திருந்த பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. காலையிலிருந்து என் கேமராவைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். பேட்டரிக் கதவு திறந்து தொங்குவதைப் பார்த்தது. என் முகத்தையும் பார்த்தது.

"ஐயரே" என்றது. சத்தமாகத்தான் சொன்னது. "தட்டு எங்கம்மாகிட்ட போகல."

சித்தப்பா பெண் பக்கம் குனிந்து, "அவங்க ரூம்ல இருக்காங்கம்மா. மனசாலயே ஆசீர்வாதம் பண்ணிக்குவாங்க" என்றார்.

"தொடட்டும் சித்தப்பா. அப்புறம் கட்டட்டும்."

மேளக்காரர் கையை நிறுத்திவிட்டார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். "நேரம் இருக்கு. சீக்கிரமா போயிட்டு வாங்கோ" என்றார். தட்டு ஏந்தியிருந்த அத்தை, பெண்ணின் அப்பா கூடப் பிறந்தவர், அந்த அறைப் பக்கம் திரும்பினார். பெண் கண்ணால் எனக்கும் அதே பக்கத்தைக் காட்டியது. அப்போதுதான் என் கால் நகர்ந்தது.

அத்தையை முந்திக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அம்மாதான் திறந்தார். உள்ளே வேறு யாரும் இல்லை. பைகளுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு நாற்காலி. மகளின் கல்யாணத்தை அவர் அதில் உட்கார்ந்து மேளச் சத்தமாக மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் வாயைத் திறக்கும் முன்பே முந்தானையில் பொத்தி வைத்திருந்த பேட்டரியை நீட்டினார்.

"இதுதானே தம்பி? சிவப்பு லைட்டு பச்சையா மாறினா எடுத்து வைம்மான்னு சொல்லிட்டுப் போச்சு. பார்த்துக்கிட்டே இருந்தேன். தாலி கட்டியாச்சா?"

"இல்லம்மா" என்றேன். அதற்குள் அத்தை தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

தட்டைப் பார்த்ததும் அந்த அம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் வரைக்கும் போய்விட்டார். "ஐயோ, இதை எதுக்கு இங்க எடுத்துட்டு வந்தீங்க? நான் தொடக் கூடாது. எம் பொண்ணு நல்லா இருக்கணும். எடுத்துட்டுப் போங்க."

அத்தை, "உம் பொண்ணுதான் அனுப்புச்சு அண்ணி" என்றார். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

நேற்று நான் சொன்ன கூச்சம் என்ற சொல் அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் ஒதுக்காமலே ஒதுங்குகிறவன் நான். இந்த அம்மாவோ, தன் நிழல் மகள் மேல் பட்டுவிடக் கூடாது என்று ஒளிந்துகொண்டிருந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருந்திருக்கிறது.

என் கை தானாகப் பேட்டரியைப் போட்டு மூடியது. கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தேன். வாயிலிருந்து வந்த குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அம்மா, கையை முன்னால எடுங்க. தட்டு மேல வைங்க. போட்டோ எடுக்கணும்."

கல்யாண வீட்டில் ஒரு விசித்திரம் உண்டு. பெரியவர் சொன்னால் எதிர்த்துப் பேசுவார்கள். ஐயர் சொன்னால் கேள்வி கேட்பார்கள். போட்டோக்காரன் கையை அங்கே வை, தலையை இப்படித் திருப்பு என்றால் மட்டும் கலெக்டராக இருந்தாலும் யோசிக்காமல் செய்துவிடுவார். இத்தனை வருஷம் தொழிலில் இருந்தும் அதை நான் பயன்படுத்தியதே இல்லை.

அந்த அம்மாவின் கை மெதுவாக முன்னால் வந்தது. தாலி மேல் பட்டது. எடுத்தேன்.

"இன்னும் ஒண்ணும்மா. கையை எடுக்காதீங்க" என்றேன். முதல் படம் நன்றாகத்தான் வந்திருந்தது. அந்தக் கை தாலி மேல் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றுதான் இரண்டாவதை எடுத்தேன் என்று அத்தைக்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு, "வெளிய வாங்கம்மா. பொண்ணுக்குப் பின்னாடி ஃப்ரேம் காலியா இருக்குது" என்றேன். அவர் மேடை வரைக்கும் வரவில்லை. மேடைப் படிக்குக் கீழே, விளக்கு வெளிச்சம் படுகிற இடத்தில் வந்து நின்றார். அது போதும். தட்டு மேடைக்குத் திரும்ப, நானும் மேலே ஏறி, அவரும் படத்தில் விழும்படி இரண்டு அடி நகர்ந்து நின்றேன். ஐயர் விரலை ஆட்டினார். கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளையின் கையும் தாலியும் பெண்ணின் முகமும், அவர்களுக்குப் பின்னால் கை கூப்பி நிற்கிற அம்மாவும் ஒரே படத்தில் விழுந்தார்கள்.

குடும்பப் படத்துக்கு அம்மாவை நான் கூப்பிடவேண்டிய வேலையே இல்லாமல் போனது. "அண்ணி, இப்படி வந்து நில்லுங்க" என்று சித்தப்பாவே நகர்ந்து இடம் விட்டார். அவரும் யாரையும் வதைக்கிறவர் இல்லை. வழக்கம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்ததை அவரும் ஒப்புக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஆல்பம் வாங்கப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். தட்டு மேல் கை வைத்த படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தேன். பெண் அந்தப் பக்கத்தைத் தாண்டித் திருப்பவே இல்லை. மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, அன்னிக்கு எனக்காகத்தானே நிறுத்தினீங்க?"

"உங்களுக்காகவும்தாண்ணே" என்று சிரித்தது. "எப்படிச் சொல்றதுன்னு காலையில இருந்து நெஞ்சுக்குள்ளயே வெச்சிட்டு இருந்தேன். வாய் வரல. நீங்க முழிச்சிட்டு நின்னதைப் பார்த்ததும், இவருக்கு நேரம் வேணுமேன்னு சொல்லிட்டேன். எனக்குன்னா கேட்டிருக்க மாட்டேன்."

பேசப் பயந்த இரண்டு பேர், ஒருவருக்காக மற்றவர் பேசிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் போனதும் பாய் வந்தார். "இப்பவாவது கிரிப்பு போடுறியா, இல்ல இன்னொரு பொண்ணு வந்து காப்பாத்தணுமா?" என்றார். டிராயரைத் திறந்து எடுத்து மாட்டினேன். நல்ல பொருள்தான், குறை சொல்லமாட்டேன். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்திலும் என் பேட்டரி நடுவில் தீரவில்லை. கூட்டமும் வழி விடத்தான் செய்கிறது. அதை மாட்டினால் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று பாய் சொன்னது மட்டும் சரியில்லை. எனக்கு வேண்டிய குரல் கிரிப் இல்லாத அந்தச் சோப்பு டப்பாவிலேயே வந்துவிட்டது.

கூச்சம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கடைக்கு வருகிறவர்களிடம் இன்னமும் அளந்துதான் பேசுகிறேன். ஆனால் இன்றைக்கும் ஒவ்வொரு கல்யாணத்திலும் தாலித் தட்டு சபைக்குள் இறங்கும்போது, மேடையை விட்டுவிட்டு மண்டபத்தில் எந்த அறைக் கதவு சாத்தியிருக்கிறது என்று பார்க்கிறேன். அந்தக் கதவைத் தட்டி, "அம்மா, கையை வைங்க, போட்டோ எடுக்கணும்" என்று சொல்ல மட்டும் எனக்கு இப்போது கூச்சமே இல்லை.