கூடை மேல் உட்காரும் அக்கா

பொன்னேரி பேருந்தில் இடம் காலியாக இருந்தாலும், அந்த மீன்கார அக்கா தன் வெறுங்கூடையைக் கவிழ்த்து அதன் மேல்தான் உட்காருவார். பெரிய உடம்பு, வெற்றிலைச் சிரிப்பு. ஒருநாள் மடியில் குழந்தையோடு இருந்த என்னைப் பார்த்து, "இன்னாம்மா, மூஞ்சி வாடிக்கீது?" என்றார்.

சொன்னேன். எங்கள் குப்பத்தில் வழக்குத் தீர்க்கும் தலைவருக்கு மறுநாள் ஓட்டு. நிற்பது இரண்டு பேர், ஆளுக்கொரு கட்சி. ஏரியில் இந்த முறை வலை கட்டும் உரிமை, அதாவது பாடு, எங்களுக்கா, பக்கத்து வீட்டுக்கா என்ற தகராறை ஜெயிப்பவர்தான் தீர்ப்பார். நம் கட்சிக்காரருக்கே போடு, பாடு நமக்குத்தான் என்கிறார் கணவர். எனக்கோ மற்றவர்தான் நியாயமானவர் என்று பட்டது; மனது ஒப்பவில்லை.

"உனுக்கு எதிரா தீர்ப்பு சொன்னாகூட, யாரு சொன்னா உனுக்குத் தூக்கம் வரும்? அவுருக்குப் போடு."

"உங்க ஊர்ல நீங்க அப்படித்தான் போட்டீங்களாக்கா?"

"நானா? எங்க கட்சிக்குத்தான் போட்டேன். அதான் தூக்கமே வரல!" கூடை குலுங்கச் சிரித்தார்.

நான் மற்றக் கட்சிக்காரருக்குப் போட்டேன். அவர்தான் ஜெயித்தார். பாடு பக்கத்து வீட்டுக்குப் போனது. கணவர் முணுமுணுத்துவிட்டு நன்றாகத் தூங்கினார். சரியாகத்தான் செய்தேனா என்று நான்தான் விழித்துக் கிடந்தேன். இதற்கு அக்கா என்ன சொல்வார் என்று கேட்க, பேருந்தில் ஏறும்போதெல்லாம் அந்தக் கூடையைத் தேடுகிறேன்.