குதிகாலுக்கு விளக்கெண்ணெய்

பந்தயத்துக்குக் கிளம்பிய மகள், குதிகாலைத் தூக்கி என் மடியில் வைத்து, "தேச்சு விடும்மா, இல்லாட்டி ஷூ கடிக்கும்" என்றாள். கிண்ணத்தில் இருந்த விளக்கெண்ணெயின் வாசம் பட்டதும் எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பியது.

மகாராஜா காலத்துப் புதுக்கோட்டையில் என் அண்ணன் பள்ளிக்கூடத்து ஓட்டக்காரன். அவன் ஓடிவிட்டு வந்ததும் அம்மா அவன் காலை மடியில் போட்டு எண்ணெய் தேய்ப்பாள். கொப்புளம் கண்டிருந்தால் மஞ்சள் பற்றுப் போட்டு, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுவாள். நான் அந்த மடியையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் உச்சி வெயிலில், குளக்கரைச் சரளையில் வெறுங்காலோடு ஓடினேன். புளியங்கொட்டை அளவுக்கு இரண்டு கொப்புளங்கள். பெருமையாகக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன்.

அண்ணன் காலிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. "பொட்டப்புள்ளைக்கு என்னடி ஓட்டம்? ஒடைக்காம வையி, தானா அமுங்கிரும். அங்கிட்டுப் போயி ஒக்காரு."

அமுங்கித்தான் போயிற்று, கொப்புளம் மட்டும்.

மகளின் இன்னொரு காலை நான் எடுப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். "போதும்மா, நேரமாச்சு."

போதுமாம். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள்.