மரத்துப்போன கால்களுக்குச் செருப்பு

புண்ணியம் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. நான் செய்வது செருப்பு. சர்க்கரையாலும் தொழுநோயாலும் கால் மரத்துப்போனவர்கள் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவர்கள் காலை அளந்து, மெத்தென்ற ரப்பரை வெட்டி, வார் வைத்துத் தைத்துக் கொடுக்கிறேன். அதற்குச் சம்பளம் வாங்குகிறேன். கம்மியான சம்பளம். அந்தக் கம்மியை மூடத்தான் புண்ணியம் என்கிற போர்வை.

சேவை செய்யும் ஆசையில் இங்கே வரவில்லை. மாதனூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறி, ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருஷம் தைத்தவள் நான். கடைசியில் சூப்பர்வைசராகவும் இருந்தேன். பாத்ரூம் போய்விட்டு வந்த ஒரு பெண்ணை மேனேஜர் எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கத்தினார். நான் அவரிடம் கத்தினேன். அடையாள அட்டையை அவர் மேஜைமேல் வீசிவிட்டு வந்தேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் கிடைத்த வேலை இது. அவ்வளவுதான்.

வந்த முதல் மாதமே ஒருவர் காலைக் கெடுத்தேன். நெமிலிப் பக்கத்து விவசாயக் கூலி. செருப்பை மாட்டிவிட்டு, கடையில் கேட்பதுபோல, “டைட்டா இருக்கா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா, ஜோரா கீது” என்றார். வராந்தாவில் இரண்டு நடை நடந்தும் காட்டினார்.

மூன்று வாரம் கழித்துக் காலில் கட்டோடு வந்தார். வார் சுண்டுவிரலை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்து அவர் மனைவிதான் அலறியிருக்கிறாள். விரலை எடுத்துவிட்டார்கள். செருப்பைக் கழுவி, கவரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“இந்த வாரு மட்டும் கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடும்மா. மத்தபடி ஒரு கொறையும் இல்ல.”

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு அதுதான் வரும். அந்த மனுஷன் திட்டவே இல்லை. வலி தெரியாத காலிடம் வலிக்கிறதா என்று கேட்ட முட்டாள் நான் என்பது அவருக்கு உறைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்பதில்லை. வாருக்கு அடியில் என் விரலை விட்டுப் பார்க்கிறேன். அரைமணி நேரம் நடக்கவிடுகிறேன். கழற்றி, எங்கே சூடாக இருக்கிறது, எங்கே தடம் விழுந்திருக்கிறது என்று தடவிப் பார்க்கிறேன். தடம் இருந்தால் பிரித்துத் தைக்கிறேன். கம்பெனியில் பிரித்துத் தைப்பது மானக்கேடு. இங்கே பாதி வேலை அதுதான்.

மகள் இன்ஜினியரிங் சேர்ந்தாள். காலேஜ் ராணிப்பேட்டையைத் தாண்டி. ஹாஸ்டலில் விட்டோம். ஃபீஸும் ஹாஸ்டல் செலவும் சேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ளேயே மூச்சு முட்டியது. அந்த நேரம் பார்த்து அதே மேனேஜர் போன் செய்தார்.

“பழசெல்லாம் விடும்மா. சாம்பிள் ரூமுக்கு இன்சார்ஜா வந்துடு. இப்ப வாங்கறதுக்கு டபுள்.”

என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில்தான் பஸ் ஓட்டுகிறார். விஷயம் எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

“இன்னா யோசனை? முன் சீட்டு தர்றேன், ராணி மாதிரி வா.”

“உன் பஸ்ல ஏற வேணாம்னுதான் வேலைய விட்ட அன்னைக்கு ஹைவே வரைக்கும் நடந்தேன்.”

“உன் ரோஷம் ஃபீஸ் கட்டுமா?”

கட்டாது. அதனால் மறுநாள் மருத்துவமனை அதிகாரியிடம் போய்ச் சம்பளத்தை ஏற்றித் தாருங்கள் என்று நின்றேன்.

“நீங்க செய்யறது சேவைம்மா. இதுக்கெல்லாம் வெல போட முடியுமா?”

“எனக்குப் போட முடியலன்னா, உங்களுக்கு மட்டும் எப்படி சார் போட்டாங்க?”

அவர் ஃபைலைத் திறந்துகொண்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கம்பெனிக்குப் போவது என்று. ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போ என்று மேனேஜர் சொல்லியிருந்தார். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

சாம்பிள் ரூமில் ஏசி. வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்க வந்தவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். புது மாடலைப் போட்டுக் காட்ட, சரியான அளவுக் கால் உள்ள ஒரு பெண்ணை லைனிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அவள் நடந்தாள், திரும்பினாள், சிரித்தாள்.

“டைட்டா இருக்கா?” என்றார் மேனேஜர்.

“இல்ல சார், நல்லா கீது.”

நான் யோசிக்கவே இல்லை. கீழே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்து, ஷூவைக் கழற்றி, விரல்களைத் தடவினேன். அவள் துள்ளினாள்.

“அய்ய, இன்னா மேடம்! கூச்சமா கீது!”

எல்லாரும் சிரித்தார்கள். பெருவிரல் முட்டியில் தடம் பதிந்திருந்தது. சூடு வேறு.

“டைட்டுதானே?” என்று மெல்லக் கேட்டேன்.

அவள் குனிந்து சொன்னாள்: “டைட்டுதான் மேடம். சொன்னா மறுபடி கழட்டி மாட்டச் சொல்வாங்க. என் டார்கெட்ட யாரு முடிக்கிறது?”

எழுந்தேன். “முன்பக்கம் பிடிக்குது சார், பிரிக்கணும்” என்றேன். வந்தவருக்குத் தமிழ் தெரியாது. மேனேஜர் அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“காலெல்லாம் இங்க தொட்டுப் பாக்க வேணாம்மா. அளவு சரியா இருந்தா ஓ.கே.ன்னு கையெழுத்து போடு. போதும்.”

அதற்குத்தான் டபுள். உணர்ச்சி உள்ள காலே பொய் சொல்லும், அது பொய் என்று தெரிந்தே நான் கையெழுத்துப் போட வேண்டும். நெமிலிக்காரர் தெரியாமல் சொன்னார். இவள் தெரிந்து சொல்கிறாள். சாயங்காலம் மேனேஜரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இந்த முறை கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நான் ஏதோ ஜெயித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். ஹாஸ்டலை விட்டு மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தினமும் போகவர நாலு மணி நேரம்.

“ஊர்ல இருக்கறவங்க காலுக்கெல்லாம் அளவு எடுக்கற. என்னை ஒரு வார்த்த கேட்டியாம்மா?” என்றாள். கேட்கவில்லைதான். என் வேலை என்று நினைத்து நானே முடிவு செய்தேன். அந்த முடிவின் விலையில் பாதியை அவள் கொடுக்கிறாள்.

காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். இடம் இருந்தாலும் என் பக்கத்தில் உட்கார மாட்டாள். முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மேனேஜர் நம்பரை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறையாவது எடுத்துப் பார்க்கிறேன்.

போன திங்கட்கிழமை அவள் புது ஷூ போட்டிருந்தாள். வேலூர் தாண்டியதும் ஒரு காலை மட்டும் ஊன்றி நின்றாள். கொஞ்ச நேரத்தில் மறு காலுக்கு மாறினாள். ஷூ விளிம்பு உரசி, குதிகாலுக்கு மேலே தோல் உரிந்திருந்தது என் சீட்டிலிருந்தே தெரிந்தது. கேட்டால் நல்லாத்தான் இருக்கு என்பாள்.

கேட்கவில்லை. எழுந்து அவளை நோக்கிப் போனேன்.